கல்லைப் பற்றி வாழும் செடிகள்

மீன் தொட்டிக்குச் செடி வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும் என்பதைத்தான். அனூபியாஸ், ஜாவா பன்னம், புசெபலாண்ட்ரா போன்ற செடிகளுக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. இவற்றின் தடித்த வேர்த்தண்டுக்கிழங்கை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். கிழங்கு முதலில் கொழகொழவென்று ஆகும். பிறகு இலைகள் காம்போடு கழன்று ஒவ்வொன்றாக மேலே மிதக்கும். காசு கொடுத்து வாங்கிய செடி ஏன் செத்தது என்று தெரியாமலே பலர் செடி வளர்க்கும் ஆசையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம் தரும். நிழலைத் தாங்கி, உரம் கேட்காமல், ஆண்டுக்கணக்கில் வாழக்கூடிய செடிகள் இவை. பற்றிக்கொள்ள ஒரு கல்லோ ஒரு கட்டையோ கிடைத்தால் போதும்.

மாத்தளைக்காரருக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் தேவையில்லை. இறத்தோட்டையிலிருந்து றிவஸ்டனுக்கு ஏறும் பாதையில் நீர் கசியும் பாறைகளை நின்று பார்த்தால் போதும். மண் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. பாறையோடு படிந்த பாசி, அந்தப் பாசியின் ஈரத்தில் ஊர்ந்து செல்லும் பன்னத்தின் கிழங்கு, அதிலிருந்து இறங்கும் மயிர் போன்ற கரிய வேர்கள். அந்த வேர்களுக்கு உணவு தேடுவதைவிடப் பிடித்துக்கொள்வதே பெரிய வேலை. மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் ஓடைகளில் அனூபியாஸ் இப்படித்தான் வாழ்கிறது. தென்கிழக்காசியக் காட்டாறுகளில் ஜாவா பன்னமும், போர்னியோவின் பாறைகளில் புசெபலாண்ட்ராவும் அப்படியே. கல்லில் கட்டி வளர்ப்பது தொட்டிக்காரர்களின் அலங்கார யோசனை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தச் செடிகளுக்கு அதுதான் சொந்த வீடு.

பற்றுவதில் கரைகண்ட செடி மகாவலியில் இருக்கிறது. பொடொஸ்டெமேசியே என்ற குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடிகள் வேகமாக நீர் ஓடும் பாறைகளில் மட்டுமே வளரும். வேர், தண்டு, இலை எனப் பிரித்துச் சொல்ல முடியாதபடி தட்டையாகப் பாறையோடு ஒட்டிக் கிடக்கும்; பார்ப்பவர் பாசி என்றே நினைப்பார். ஆனால் அது பூக்கும் தாவரம். வெயில் காலத்தில் ஆறு வற்றிப் பாறை தலைகாட்டியதும் பூத்து, காய்த்து, விதையைப் பாறையிலேயே விட்டுவிட்டுக் காய்ந்துபோகும். நுண்ணிய அந்த விதையின் தோல் ஈரம் பட்டதும் பசையாகி, கல்லோடு ஒட்டிக்கொள்ளும். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக 1896 முதல் 1912 வரை இருந்த ஜே.சி. வில்லிஸ், இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள இந்தக் குடும்பத்துச் செடிகளைப் பற்றி 1902இல் விரிவான ஆய்வு நூலே எழுதினார். ஒரே மாதிரியான ஓடும் நீர், ஒரே மாதிரியான பாறை. அதில் இத்தனை விதமான உருவங்கள் எதற்கு என்ற கேள்வி அவரை விடவில்லை. பரிணாமம் பற்றி அவர் பின்னாளில் எழுப்பிய வாதங்களுக்கு இந்தப் பாறைச் செடிகளும் ஒரு காரணம். இவற்றைத் தொட்டிக்குக் கொண்டுவர யாரும் முயல வேண்டாம். பாய்ந்தோடும் நீரும் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் ஆறும் இல்லாமல் அவை பிழைக்காது.

கடையில் கிடைக்கும் செடிக்குக் கல் தேடும்போது எங்கள் ஊரில் ஒரு கவனம் வேண்டும். மாத்தளையைச் சுற்றிச் சுண்ணாம்புக் காளவாய்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். நிலத்துக்கடியில் பளிங்குச் சுண்ணாம்புக்கல்லும் தொலமைற்றும் இருப்பதால் வந்த தொழில் அது. வெள்ளையாக, அழகாக மின்னும் அந்தக் கல்லைத் தொட்டியில் போட்டால் மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். மென்னீர் மீன்களுக்கு அது ஆகாது. கல்லில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விட்டு, நுரைக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். தொலமைற் அவ்வளவு எளிதில் நுரைக்காது. ஆணியால் சுரண்டித் தூளாக்கி, அந்தத் தூளில் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். கருங்கல்லும் படிகக்கல்லும் நல்லவை. வழுவழுப்பானதைவிடச் சொரசொரப்பான கல்லை வேர் சீக்கிரம் பிடிக்கும்.

கட்டைக்குத் தேயிலை வேரை மிஞ்சியது இல்லை என்பது என் முடிவு. மறுநடுகைக்காகப் பிடுங்கிய கிழட்டுத் தேயிலைச் செடிகளின் அடிக்கட்டை தோட்டப்புறங்களில் விறகாகப் போகிறது. சில வீடுகளில் கண்ணாடி மேசைக்குக் காலாகவும் நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் கவ்வாத்து வாங்கிய அந்த முறுக்கும் முடிச்சும் வேறெந்த மரத்திலும் வராது. ஆனால் நன்றாகக் காய்ந்ததை மட்டும் எடுக்க வேண்டும். தோட்டத்தில் களைநாசினி அடித்திருப்பார்கள் என்பதால் பட்டையைச் சுரண்டி, கொதிக்க வைத்து, வாரக்கணக்கில் ஊறப்போட்டு, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாயத்தண்ணி நிறத்தில் இறங்கும் சாறு மீனைக் கொல்லாது. புதுக் கட்டையில் முதலில் படரும் வெள்ளைச் சவ்வும் தானாகப் போய்விடும்.

இனிக் கட்டும் வேலை. பழைய வேர்களைக் கட்டைவிரல் அகலத்துக்குக் கத்தரித்துவிடலாம். கல்லைப் பிடிக்கப்போவது இனி முளைக்கும் வேர்தான். கல்லில் சிறு பள்ளம் பார்த்து, கிழங்கை அதில் கிடத்தி, இலைக் காம்புகளுக்கு நடுவே நூலைச் செலுத்தி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். இறுக்கினால் நூல் கிழங்கை அறுக்கும். பருத்தி நூல் சில வாரங்களில் இற்றுப்போகும். ஜாவா பன்னத்துக்கு அது பெரும்பாலும் போதும். மெதுவாக வளரும் அனூபியாஸுக்குத் தங்கூசி நூலே நல்லது. அவசரக்காரர்கள் சூப்பர் குளூவின் ஜெல் வகையைப் பயன்படுத்துகிறார்கள். ஈரம் பட்டதும் இறுகும் பசை அது. இறுகிய பின் மீனுக்குக் கேடு செய்யாது. வேரில் ஒரு துளி வைத்துச் சில விநாடிகள் அழுத்தினால் போதும். கிழங்கு முழுவதையும் பூசி மூடக் கூடாது. பாசியைக் கட்டுபவர்கள் அள்ளி அப்பிவிடுகிறார்கள். தடிப்பாக வைத்தால் அடிப்பகுதி வெளிச்சமின்றிப் பழுத்து மொத்தமாகக் கழன்றுவிடும். கல் தெரியும்படி மெல்லிதாகப் பரப்பினால்தான் அது நிலைக்கும்.

அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். கிழங்கின் அடியிலிருந்து வெண்பச்சை நிறத்தில் ஒரு வேர்நுனி எட்டிப் பார்க்கும். கல்லை நோக்கி வளைந்து, தொட்டதும் அதோடு ஒட்டிப் படியும். கல்லைக் கையில் தூக்கி ஆட்டிச் செடி அசையவில்லை என்றால் நூலை வெட்டிவிடலாம். பன்னத்தின் இலையடியில் கறுப்புப் புள்ளிகள் தோன்றினால் நோயென்று வெட்டாதீர்கள். அவை வித்திக் கூட்டங்கள். இலை நுனியில் முளைக்கும் குட்டிச் செடியையும் தனியாக எடுத்து இன்னொரு கல்லில் கட்டலாம்.

கல்லில் கட்டச் சொன்னவை எல்லாம் வெளிநாட்டுச் செடிகள்தான். நம் செடியும் உலகத் தொட்டிகளுக்குப் போயிருக்கிறது. கிரிப்டோகொரைன் இனங்களில் பல இலங்கைக்கு மட்டுமே உரியவை. கிரிப்டோகொரைன் பெக்கெட்டி என்ற செடியை 1885இல் பேராதனையின் ஹென்றி ட்ரைமன் விவரித்தார். இலங்கையில் கோப்பித் தோட்டம் நடத்தி, பின்னர் நியூசிலாந்துக்குப் போய்ப் பாசிகளை ஆராய்ந்த நேய்லர் பெக்கெட்டின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதைக் கல்லில் கட்டக் கூடாது. மணலில் வேர்விட்டு வாழ்வது அது. அந்தச் செடி அமெரிக்காவின் டெக்சாஸில் சான் மார்கோஸ் ஆற்றில் படர்ந்து, அங்கு மட்டுமே வளரும் அரிய காட்டரிசிச் செடிக்கு இடைஞ்சலானதால், பெக்கெட்டியைப் பிடுங்கி எறிய வேண்டிய நிலை வந்தது. வீட்டுத் தொட்டியில் மிஞ்சியதை யாரோ ஆற்றில் கொட்டியதன் விளைவு அது என்றே கருதப்படுகிறது.

எங்கள் சுதுகங்கையில் அப்படி நடந்தால் செடி போகும் தூரம் இன்னும் அதிகம். 1976இலிருந்து பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் சுரங்கவழி உக்குவளைக்கு வந்து சுதுகங்கையில் சேர்கிறது. அது அம்பன் கங்கையாகிப் போவத்தென்னையை அடைந்ததும், ஒரு பங்கு கலாவெவ பக்கம் திரும்புகிறது. மாத்தளை நகரின் ஒரு வாய்க்காலில் போட்ட செடித்துண்டு அனுராதபுர மாவட்டத்துக் குளத்தில் வேர்விடலாம்.

ஆகவே செடி வளர்க்கும் நண்பர்களிடம் இரண்டு வேண்டுகோள். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000இல் பாதுகாக்கப்பட்ட வனமானது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்குள்ள ஓடையிலிருந்து ஒரு பாசித் துண்டைக்கூடப் பெயர்த்து வராதீர்கள். பண்ணையில் வளர்த்த செடியா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். தொட்டியில் கத்தரித்த மிச்சத்தை வாய்க்காலில் போடாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூமரத்தடியில் புதையுங்கள்.