`அதுவா நின்னுடுச்சுப்பா!' - அப்பா மறைத்த உண்மையும், 35,000 ரூபாய் இன்ஜினும்

2023, டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் முதல் நாள் இரவே ஷிஃப்ட்டுக்கு வந்து அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். `தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று செய்தி டைப் செய்துகொண்டிருந்த அதே காலையில், அப்பா எங்கள் 2011 மாடல் ஆல்ட்டோவை எடுத்துக்கொண்டு வேளச்சேரி மேம்பாலத்துக்குக் கிளம்பியிருக்கிறார். மழை என்றால் எங்கள் ஏரியா கார்களுக்கு அதுதான் பார்க்கிங்.

பாலத்தைத் தொடவில்லை. பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் அண்ணன் வந்தார். டிப்ஸ்டிக்கை எடுத்துக் காட்டினார். ஆயில், பால் அதிகமான காபி நிறத்தில் இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோது ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

``நின்ன பிறகு திரும்ப ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?"

``இல்லப்பா, அதுவா நின்னுடுச்சு" என்றார் அப்பா.

இன்ஜினைப் பிரித்ததில் மூன்று சிலிண்டரில் ஒன்றின் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. காற்றை பிஸ்டன் அழுத்தும். தண்ணீரை அழுத்த முடியாது. அந்த வேகம் முழுக்க ராடின் மேல்தான் இறங்கும். பழைய வண்டிதானே என்று நாங்கள் போட்டிருந்ததோ தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும். ஒரு ரூபாய் வராது.

மெக்கானிக் மூன்று வழி சொன்னார். ரிப்பேர் செய்தால் 35,000 ரூபாய். பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டினால் 30,000. ஆனால் இன்ஜின் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ அனுமதி வாங்கி ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும், அந்த இன்ஜின் எப்படி ஓடியது என்றும் தெரியாது. அப்படியே விற்றால் 30,000 கிடைக்கும்.

``வித்துடலாம்ப்பா" என்றேன். அப்பா பேசவே இல்லை.

மெக்கானிக் சிரித்தார். ``எவ்ளோ செலவுன்னு மட்டும் பார்க்காதீங்க. சரி பண்ணா எத்தனை வருஷம் ஓட்டுவீங்கன்னு பாருங்க. தண்ணி டேஷ்போர்டு வரைக்கும் ஏறியிருந்தா நானே வேணாம்னு சொல்லுவேன். இது மேட்டோட நின்னுடுச்சு. வயரிங் நல்லா இருக்கு, பாடியில துரு இல்ல."

அன்றிரவு போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். விற்ற பணம் 30,000, மிச்சமாகும் ரிப்பேர் செலவு 35,000. மொத்தம் 65,000. அந்தப் பணத்துக்கு, பன்னிரண்டு வருடமாக நாங்கள் அறிந்த இந்த வண்டி மாதிரி ஒன்று கிடைக்குமா? அம்மாவின் முழங்கால் பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு முறை கேப், போய்வர 500 ரூபாய். மாதம் 4,000. ஆர்.சி முடிய இன்னும் இரண்டரை வருடம். 35,000-ஐ முப்பது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,200-கூட இல்லை. பெட்ரோல், சர்வீஸ் சேர்த்தாலும் ரிப்பேர்தான் லாபம்.

``சரி பண்ணிடலாம்ப்பா" என்று சொல்லப் போனேன். அப்பா இருட்டில் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.

``நான்தான் ஸ்டார்ட் பண்ணேன். மூணு தடவை. ரெண்டாவது தடவை உயிர் வந்துச்சு, அப்புறம் டொக்குனு ஒரு சத்தம். பயந்துட்டேன். உங்கம்மாகிட்டகூட சொல்லல."

ஊருக்கெல்லாம் எச்சரிக்கை டைப் செய்த நான், வீட்டுக்கு ஒரு போன் செய்யவில்லை. அதை அப்பாவிடம் சொன்னேன். ``விடு, நீ வேலையில இருந்த" என்றார்.

இரண்டு வாரத்தில் வண்டி வந்தது. முதல் சவாரி, அம்மாவின் பிசியோதெரபிக்கு.

இப்போதெல்லாம் வானிலை எச்சரிக்கை டெஸ்க்குக்கு வந்ததும், செய்தியை அப்டேட் செய்வதற்கு முன் வீட்டுக்கு போன் போடுகிறேன். ``ஏற்கெனவே பாலத்துல விட்டுட்டேன்" என்கிறார் அப்பா. மழை இன்னும் ஆரம்பித்தே இருக்காது!