‘அப்’ என்று காட்டியது

கரிவலம்வந்தநல்லூர் என்று முழுப் பேரையும் எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் ‘கரிவலம்’, பழைய பாட்டுகளில் ‘கருவை’. எந்தப் பேரைச் சொன்னாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். ஆவணித் தபசுத் திருவிழாவுக்கு வந்து, வீட்டுத் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த எனக்கு வாய்த்ததோ தலைகீழ்: முகவரி ஒன்று, இடம் இரண்டு.

ஆர்டர் மென்பொருள் ஒன்றை மைக்ரோசர்வீஸ்களாகப் பிரித்து டாக்கர் கன்டெய்னர்களில் ஏற்றுவது என் பொறுப்பு. கன்டெய்னர் செத்துப் பிழைத்தால் அதன் முகவரி மாறிவிடலாம். யார் எங்கே என்று குறித்துவைக்க ஒரு பதிவேடு வேண்டும். நாங்கள் வைத்திருந்தது, நெட்ஃபிளிக்ஸ் 2012-ல் வெளியிட்ட யுரேகா. ஒவ்வொரு சர்வீஸும் எழுந்ததும் தன் பேரையும் முகவரியையும் அதில் எழுதும்; 30 நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கும்; 90 நொடி சத்தமில்லை என்றால் பேரை அடித்துவிடலாம்.

ஒரே சர்வரில் இருந்தவரை எல்லாம் ஓடியது. இரண்டாவது சர்வர் சேர்த்து, ஆர்டர் சர்வீஸை இரண்டிலும் வைத்தோம். பாதி ஆர்டர் விழுந்தது. ஸ்டாக் சர்வீஸைக் கேட்டால் 404.

அந்த 404தான் என்னைக் கவிழ்த்தது. ஆளே இல்லாத வீடென்றால் கதவு திறக்காது. இங்கே கதவைத் திறந்து ‘நீங்க கேட்டது இங்க இல்ல’ என்று பதில் வருகிறது. அப்படியானால் தவறு, கேட்கும் பாதையில். பாதையை எழுதியது, சேர்ந்து ஆறு மாதமான தம்பி. குழு அழைப்பில் எல்லோர் காதுபடவும் கேட்டேன்: “ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தியா?”

“ஓடிச்சுண்ணே.”

நம்பவில்லை. யுரேகாவில் ஸ்டாக் ‘அப்’ என்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்து ஒரு ஆர்டர் போட்டேன், போனது. ‘சரியாயிற்று’ என்று எழுதிவிட்டுத் தபசுக் காட்சி பார்க்கக் கிளம்பினேன். அந்த ஒற்றை ஆர்டர் முதல் சர்வருக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ராத்திரி தம்பி ஒரு வரி அனுப்பினான்: “அண்ணே, ஸ்டாக் கேள்வியெல்லாம் எஸ்எம்எஸ் லாக்ல வருது.”

‘ஐபி முகவரியையே பதிவு செய்’ என்று கான்ஃபிக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். முதல் சர்வரில் இருந்த ஸ்டாக் பதிந்ததோ 172.17.0.3, அதாவது டாக்கர் உள்ளுக்குள் கொடுத்த எண். அது அந்த சர்வரைத் தாண்டினால் செல்லாது. இரண்டாவது சர்வரிலும் ஒரு 172.17.0.3 உண்டு, அங்கே குடியிருந்தது எஸ்எம்எஸ் சர்வீஸ். போர்ட்டும் அதே 8080. அங்கிருந்த ஆர்டர் சர்வீஸ் பக்கத்து வீட்டைத் தட்டி ஸ்டாக் கேட்டுக்கொண்டிருந்தது. கன்டெய்னருக்குள்ளிருந்து வெளியே பேசத் தடையில்லை; அதனால் ஸ்டாக்கின் ‘இருக்கிறேன்’ மட்டும் தவறாமல் பதிவேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தேடி வெளியிலிருந்து வர முடியுமா என்று யுரேகா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திருத்தம் சின்னது. சர்வரின் சொந்த ஐபியையும் வெளியே திறந்துவிட்ட போர்ட்டையும் சூழல் மாறிகளாகக் கொடுத்துப் பதியவைத்தேன். பத்து நிமிஷ வேலை.

மறுநாள் அழைப்பில், அதே ஆட்கள் காதுபட, அந்த வரி என்னுடையது என்று சொன்னேன்.

“பரவால்லண்ணே” என்றான் தம்பி. அதற்குப் பிறகு அந்த அழைப்பு முடியும்வரை அவன் மைக் மியூட்டிலேயே இருந்தது.