பந்துக்கும் பந்துக்கும் நடுவில்

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். விழுப்புரத்திலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் முப்பது வருடம் வண்டி ஓட்டியவர். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். கண் நேரே இருக்கும். ரோட்டைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்பாள் அம்மா. அவர் டூட்டி முடிந்து வரும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். "சாப்பிட்டியா?", "பரீட்சை எப்போ?" இந்த இரண்டு கேள்விகளைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு போனதில்லை. கிரிக்கெட் வந்துதான் அதை வளர்த்தது.

வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டயனோரா டிவி இருந்தது. காற்றடித்தால் ஆண்டெனா திரும்பிக்கொள்ளும். நான் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, "இப்ப தெரியுது, அப்படியே விடு" என்று கீழேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள். 1996 மார்ச் 13, உலகக் கோப்பை அரையிறுதி. கொல்கத்தா ஈடன் கார்டனில் ஒரு விக்கெட்டுக்கு 98 என்று இருந்த இந்தியா, எட்டு விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தது. கூட்டம் கலவரம் செய்ய, ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி அறிவிக்கப்பட்டது. வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே வந்தார். நானும் அழுதேன். எனக்கு அப்போது 11 வயது. ஆம்பளைப் பிள்ளை அழலாமா என்று அப்பா அதட்டுவார் என நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, "அவனே அழுவுறான், நீ அழுதா என்ன?" என்றார். பார்வை டிவியில்தான் இருந்தது.

இரவு டூட்டி இருக்கும் நாட்களில் ஆட்டத்தை நான் அவருக்காகப் பார்த்தேன். 1998 ஏப்ரல் 22 அன்று ஷார்ஜாவில் மணற்புயலுக்கு நடுவே சச்சின் 143 அடித்தார். அந்த ஆட்டத்தில் தோற்றோம். ஆனாலும் ஃபைனலுக்குப் போனோம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் யார் எவ்வளவு, எப்படி அவுட், புயல் எப்போது வந்தது என்று எல்லாவற்றையும் எழுதி, அவருடைய சாப்பாட்டுத் தட்டின் அடியில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் தாள் அங்கே இல்லை. அவர் காக்கிச் சட்டைப் பையில் இருந்ததை, துவைக்கப் போடும்போது அம்மா எடுத்துக் காட்டினாள்.

அடுத்த ஜனவரியில் பாகிஸ்தான் அணி சேப்பாக்கத்துக்கு டெஸ்ட் ஆட வந்தது. நான்காம் நாள் 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. அப்பா டூட்டி மாற்றிக்கொண்டு என்னை அழைத்துப்போனார். விடியுமுன் கிளம்பி எழும்பூரில் இறங்கி, பெல்ஸ் ரோடு வரிசையில் நின்று, கேலரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மடியில் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதப் பொட்டலம். வெற்றிக்கு 271 வேண்டும். 82 ரன்னுக்குள் ஐந்து விக்கெட் போய்விட்டது. பிறகு சச்சினும் நயன் மோங்கியாவும் நின்றார்கள்.

சச்சினுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் குனிந்து நிமிர்ந்தார். உள்ளே ஓடிவந்தவர்கள் அவருக்கு வைத்தியம் பார்த்த அந்த இடைவெளியில்தான், மைதானத்தைப் பார்த்தபடியே அப்பா சொன்னார்:

"எனக்கும் ரெண்டு வருஷமா முதுகு வலிதான். சீட்ல உக்காந்தா இடுப்புக்குக் கீழ மரத்துப் போவுது. அம்மாகிட்ட சொல்லாத."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "சரிப்பா" என்றேன். அடுத்த பந்து வந்தது. அதற்கடுத்த இடைவெளியில் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். தன் அப்பாவோடு இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லையாம். அவர் வந்தால் எழுந்து நிற்பதுதான் பழக்கமாம். வீடு கட்ட வாங்கிய கடனைப் பற்றிச் சொன்னார். நான் பத்தாவது முடித்ததும் என்ன படிக்க ஆசைப்படுகிறேன் என்று முதல்முறையாகக் கேட்டார்.

சச்சின் 136-ல் சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்து வாசிம் அக்ரம் கையில் மாட்டியபோது தேவைப்பட்டது 17 ரன். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் விழுந்தன. 12 ரன்னில் தோற்றோம். அரங்கம் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வர, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அப்பாவும் இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு மெல்ல எழுந்தார். அவர் ஏன் மெல்ல எழுகிறார் என்று அந்த அரங்கில் எனக்கு மட்டும் தெரியும்.

டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர், 540 பந்து. ஒவ்வொரு பந்தும் சில விநாடியில் முடிந்துவிடும். மற்றதெல்லாம் பந்து வீச்சாளர் திரும்பி நடப்பது, ஃபீல்டர்கள் இடம் மாறுவது, தண்ணீர் குடிப்பது. அன்று அந்த நேரம் முழுக்க அப்பா எனக்குக் கிடைத்தார். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லியிருந்தால் முதுகு வலியை அவர் சொல்லியிருக்கவே மாட்டார். இருவரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததும், அடுத்த பந்து வந்து பேச்சை முடித்துவைக்கும் என்ற தைரியமும்தான் அவரைப் பேச வைத்தன. நம் அப்பாக்கள் பலருக்கு மனதில் உள்ளதைச் சொல்ல அப்படி ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. அந்தச் சாக்கை அமைத்துக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை.

இதைத் தெரிந்தும் பல வருடங்கள் நான் அந்த வேலையைச் செய்யவில்லை. வேலைக்காக பெங்களூரு போன பிறகு ஸ்கோர் போனிலேயே வந்தது. அப்பா கூப்பிட்டு "மேட்ச் பாக்குறியா?" என்று கேட்பார். "ஆபீஸ்ல இருக்கேன்பா" என்பேன். அவர் ஸ்கோர் கேட்கக் கூப்பிடவில்லை என்பது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் விழுப்புரம் வந்தேன். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். நம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆடினார்கள். விடியற்காலையிலேயே அப்பா எழுந்து டிவி முன் உட்கார்ந்துவிடுவார். அவர் இடுப்புக்குப் பின்னால் இப்போது ஒரு தலையணை உண்டு. கடைசி நாள், ஜனவரி 19. வெற்றிக்கு 328. புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு நின்றார். விரலில் பந்து பட்டு, வலியில் மட்டையை நழுவவிட்டார். ஆட்டம் நின்றது.

"அன்னிக்குச் சேப்பாக்கத்துல சொன்னத அம்மாகிட்ட சொன்னியா?" என்றார் அப்பா, டிவியைப் பார்த்தபடியே.

"இல்லப்பா."

"தெரியும்" என்றார்.

ரிஷப் பந்த் கடைசிவரை நின்று 89 ரன் எடுக்க, மூன்று விக்கெட்டில் ஜெயித்தோம். இருபத்திரண்டு வருடம் கழித்து வந்த அந்த ஒரு கேள்விக்கு முன்னால் வெற்றி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் அப்பா டிவி முன் தனியாக உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தால், போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம். ஓவர் முடியட்டும்.