உடல்வாகு

நீலகிரியில் மனித உடம்பை அளக்க வந்தவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. மண்டையோட்டின் மேடுபள்ளங்களில் குணத்தைப் படித்துவிடலாம் என்று நம்பிய மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி, தோடர்களின் தலைகளை ஆராய்ந்து 1873இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பிறகு சென்னை மியூசியத்தின் தர்ஸ்டன் வந்து தலை, மூக்கு, உயரம் என்று ஜாதிவாரியாக அட்டவணை போட்டார். உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்க மறுத்த ஓர் இருளரைப் பற்றி 1909இல் அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ அந்த இருளர் சரியாகத்தான் பயந்தார் என்று படுகிறது. அளவுகோலின் முன் நிற்பவன் ஏதோ ஒரு தீர்ப்பின் முன்தான் நிற்கிறான்.

அந்தத் தீர்ப்பை, அளக்காமலே, ஒரு டாக்டர் என் அம்மாவுக்குச் சொன்னார். “உங்க ஆளுங்க உடல்வாகே இப்படித்தாம்மா.” அவளுடைய வளைந்த முதுகைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

அம்மா இலங்கை மலையகத்தில் பன்னிரண்டு வயதில் கூடை எடுத்தவள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறி வந்தாள். வந்தவர்களுக்கென்று 1968இல் அரசு இங்கே தேயிலை நட ஆரம்பித்தது. அவளுக்கு வாய்த்ததோ கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தோட்டம். மறுபடியும் கூடை. கயிறு தலையில், சுமை முதுகில். கயிறு பட்ட இடத்தில் முடி தேய்ந்து ஒரு தடம் விழுந்திருந்தது. எலும்பு தன்மேல் இறங்கும் பாரத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று ஜூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார்.

ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. அம்மாவின் குட்டை விரல்கள் எனக்கும் இருக்கின்றன. ஆனால் கோயம்புத்தூரில் வளர்ந்த என் தங்கை மகள் தன் பாட்டியைவிட அரைச் சாண் உயரம். சிறுவயதுச் சோறும் பாலும், தூக்காத கூடையும் அந்த அரைச் சாணில் இருக்கின்றன. தர்ஸ்டனின் காலத்திலேயே அமெரிக்காவில் ஃப்ரான்ஸ் போவாஸ், குடியேறியவர்களின் குழந்தைகளுடைய தலை வடிவம் பெற்றோருடையதிலிருந்து விலகுவதை அளந்து காட்டினார். எவ்வளவு விலகல் என்பதில் பிற்பாடு சர்ச்சை எழுந்தது. தலை வடிவம் ஜாதியின் மாறாத முத்திரை என்ற நம்பிக்கை மட்டும் அன்றே ஆட்டம் கண்டுவிட்டது.

உருவம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நாம் கவிதையோடு நிறுத்திக்கொண்டோம். தேயிலையைப் பாருங்கள். விட்டால் முப்பது அடி மரமாகக்கூடியதை, நாலைந்து வருஷத்துக்கொருமுறை கவ்வாத்து செய்து, கொழுந்தெடுப்பவளின் இடுப்பளவில் நிறுத்துகிறார்கள். அவள் கைக்கெட்டுவதற்காகச் செடி குட்டையாகிறது. அந்தச் செடிக்காக அவள் குனிகிறாள். பச்சைக் கம்பளம் என்று எழுதும் நம் கவிஞர்களுக்கு இரண்டு வளைவும் கண்ணில் படுவதில்லை.

இப்போது பல தோட்டங்களில் விரலுக்குப் பதில் கத்தரி, மிஷின். பெண்கள் தோளையும் மணிக்கட்டையும் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த உடல்வாகு உருவாகிக்கொண்டிருக்கிறது. அதை அளக்க வருகிறவர் சுமையின் எடை, சரிவின் செங்குத்து, வேலைக்கு வந்த வயது இவற்றை முதலில் குறித்துக்கொள்வது நல்லது. தர்ஸ்டனின் அட்டவணையில் இவற்றுக்குக் கட்டம் இருக்கவில்லை.