ஆறாவது ஆள்

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் மொத்தம் எத்தனை பேர்?

சாதாரண ரசிகர் ஐந்து என்பார். கொஞ்சம் விவரமானவர், 'எந்த வருஷத்து ரோலிங் ஸ்டோன்ஸ்?' என்று திருப்பிக் கேட்பார். அறுபது வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிற கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் மாறிக்கொண்டேதானே இருப்பார்கள்?

1962 ஜூலை 12-ம் தேதி லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் மார்க்கீ கிளப் என்ற இடத்தில் அந்தப் பெயரில் முதல் கச்சேரி. 2024-ல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் மைதானங்களில் வாசித்தார்கள். பாடகர் மிக் ஜாகருக்கும் கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அப்போது எண்பது. அந்த டூருக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? ஐம்பதைக் கடந்தவர்களுக்காக நடத்தப்படும் அமெரிக்க அமைப்பு ஒன்று. ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பெற்றோர்கள் இவர்களைக் கண்டு பெண் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். இப்போது அந்தப் பெண் பிள்ளைகள் பேரன், பேத்தியோடு டிக்கெட் வாங்கி வருகிறார்கள்.

"அப்பா, உங்க தாத்தா பாண்டு மறுபடி கிளம்பிடுச்சாம்!" என்று என் பெண்தான் செய்தி சொன்னாள். அவளுக்கு அவர்கள் தாத்தாக்கள். எனக்கு, ஹாஸ்டலில் ஒரு டேப் ரிக்கார்டரைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து கேட்ட கேசட். பாட்டில் பாதி வார்த்தை புரியாது. ஆனால், டிரம்ஸும் கிடாரும் சேரும் இடத்தில் எட்டுத் தலையும் ஒரே நேரத்தில் ஆடும். கூர்ந்து கேட்டால் அவற்றுக்கு அடியில் ஒரு பியானோ ஓடிக்கொண்டிருக்கும். அட்டையில் இருக்கிற ஐந்து பேரில் பியானோக்காரர் யாரும் கிடையாது. அப்படியானால் வாசிப்பது யார்?

நான் சொல்ல வந்தது அந்த ஆளைப் பற்றித்தான். பெயர் இயன் ஸ்டூவர்ட். எல்லோருக்கும் 'ஸ்டூ'.

1962 மே மாதம் பிரையன் ஜோன்ஸ் என்ற இளைஞர், குழு ஆரம்பிக்க ஆள் தேவை என்று 'ஜாஸ் நியூஸ்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து வந்தவர் ஸ்டூ. மிக்கும் கீத்தும் வந்து சேர்ந்தது அதற்கப்புறம்தான். அதாவது, ரோலிங் ஸ்டோன்ஸில் ரிஜிஸ்டர் வைத்திருந்தால் வரிசை எண் 2 இவருடையது. ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. மற்றவர்கள் ஸ்டூடண்ட், சோம்பேறி என்று இருந்தபோது மாசச் சம்பளம் வாங்கியவர். குழுவுக்குக் கச்சேரி பிடிப்பதற்கு இவருடைய ஆபீஸ் மேஜை டெலிபோன்தான் உபயோகப்பட்டது. கம்பெனிக்குத் தெரியாமல் உலக இசைச் சரித்திரத்துக்கு அந்தக் கம்பெனி செய்த தொண்டு!

1963 ஏப்ரலில் ஆண்ட்ரூ லூக் ஓல்டாம் என்பவர் இவர்கள் வாசிப்பதைக் கேட்க வந்தார். பீட்டில்ஸுக்குக் கொஞ்ச காலம் விளம்பர வேலை பார்த்தவர். வயது பத்தொன்பது. கேட்டார். அசந்துபோனார். மேனேஜர் ஆனார். ஆனதும் முதல் காரியமாகக் கணக்குப் பார்த்தார். மேடையில் ஆறு பேர். ஆறு முகங்களை ரசிகைகள் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஐந்துதான் அதிகபட்சம். ஒருத்தர் போக வேண்டும். யார்?

ஸ்டூவுக்குத் தாடை அகலம், உடம்பு கனம், தலைமுடி ஒட்ட வெட்டியது. மிக்கைவிட ஐந்து வயது பெரியவர். போஸ்டரில் போட்டால் மற்ற ஐந்து பேருக்குச் சித்தப்பா மாதிரி இருப்பார். தீர்ப்பு ஆயிற்று. 'நீ நன்றாக வாசிக்கிறாய். ரிக்கார்டில் வாசி. வேன் ஓட்டு. சாமான்களைப் பார்த்துக்கொள். ஆனால், போட்டோவில் நிற்காதே.'

ஒரு நிமிஷம் அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வயது இருபத்து நாலு. நீங்கள் சேர்த்த குழு. உங்கள் டெலிபோனில் பிடித்த கச்சேரிகள். நேற்று வந்த ஒரு பையன் உங்கள் மூஞ்சி சரியில்லை என்கிறான். கூட வாசிக்கிற நண்பர்கள் ஐந்து பேரும் அதைத் தடுக்கவில்லை.

ஸ்டூ சரி என்றார். வேன் ஓட்டினார். இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தார்.

இதை என் பெண்ணிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவருக்கு ரோஷமே கிடையாதாப்பா? தூக்கிப் போட்டுட்டு வந்திருக்க வேண்டாமா?"

நியாயமான கேள்வி. அதற்கு உதாரணமும் எனக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில் ஒரு மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன் வாசித்த நண்பர் ஒருவர். தலை சீக்கிரம் வழுக்கையாகிவிட்டது. பெரிய விழா ஒன்றுக்குக் குழுவை அழைத்தபோது, 'மேடையில எல்லாரும் யங்கா தெரியணும். நீங்க சைடுல திரைக்குப் பின்னாடி உக்காந்து வாசிச்சிடுங்க சார்' என்றார்கள். அவர் பதில் பேசவில்லை. அக்கார்டியனைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். பெட்டி பரணுக்குப் போனது. அதற்கப்புறம் அதை இறக்கவே இல்லை. பலசரக்குக் கடை வைத்தார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கல்யாண வீட்டில் கச்சேரி நடந்தால் பந்திக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். "மரியாதைதான் சார் முக்கியம்" என்பார். அவர் செய்தது தப்பென்று எந்த மனுஷனும் சொல்ல முடியாது. ஆனால், அந்த மரியாதைக்கு அவர் கொடுத்த விலை என்ன என்று எனக்குத் தெரியும். அவர் வாசித்து நான் கேட்டிருக்கிறேன்.

அதனால் ஸ்டூவின் கதையை ரோஷம் இருக்கிறது, இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்க்கலாம்.

முதலாவது, பிடிக்காததை வாசிக்க மாட்டார். பூகி-வூகி என்று ஒரு பியானோ பாணி. இடது கை ரயில் மாதிரி ஓட, வலது கை ஜன்னலில் கையாட்டும். அதுதான் அவருக்கு உயிர். மைனர் கார்டு வந்தால் ஆகாது. நம்மூர் சில்க் ஜிப்பா மைனர் இல்லை. பாட்டில் சோகம் வரவழைக்கிற சுரக்கூட்டுக்கு அந்தப் பெயர். பாட்டு நடுவில் அது வந்தால் ஸ்டூ இரண்டு கையையும் பியானோவிலிருந்து தூக்கிவிடுவார். அது கடந்ததும் மறுபடி ஆரம்பிப்பார். 1969 டிசம்பரில் 'வைல்ட் ஹார்ஸஸ்' பாட்டை ஒலிப்பதிவு செய்தார்கள். ஆரம்பமே மைனர். ஸ்டூ உட்காரவே இல்லை. பக்கத்திலிருந்த ஜிம் டிக்கின்சன் என்பவரை வாசிக்க வைத்து முடித்தார்கள். உலகத்தின் பெரிய குழு. பாட்டு பிடிக்கவில்லை என்று ஒதுங்க அதில் இவருக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. பிடித்த பாட்டு என்றால் விளாசுவார். 'ஹாங்கி டாங்க் விமன்', 'பிரவுன் ஷுகர்' இரண்டிலும் கேட்கிற பியானோ இவருடையதுதான்.

இரண்டாவது, யாருக்கும் பயப்பட மாட்டார். கச்சேரி ஆரம்பிக்க நேரமானால் மேக்கப் ரூமுக்குப் போய், இங்கே அச்சிட முடியாத வார்த்தைகளால் அந்த உலக நட்சத்திரங்களைத் திட்டி மேடைக்கு ஓட்டுவார். கோல்ஃப் பைத்தியம். டூர் போனால் நகரத்துக்கு நடுவே ஓட்டல் போடாமல் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் போட்டுவிடுவார். விடிய விடிய ஆட்டம் போட நினைத்தவர்கள் ஜன்னலைத் திறந்தால் புல்வெளி! சுற்றிலும் போதை மருந்து ஆறாக ஓடிய காலத்தில் இவர் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாவது, ஒரு லாரி. ஸ்டூடியோவுக்கு நாம் போவதற்குப் பதில் ஸ்டூடியோ நம்மிடம் வந்தால் என்ன என்ற யோசனை இவருடையது. லாரிக்குள் ஒலிப்பதிவுச் சாதனங்களைப் பொருத்தி, 'ரோலிங் ஸ்டோன்ஸ் மொபைல்' உருவானது. 1971-ல் பிரான்ஸில் கீத்தின் வாடகை பங்களா வாசலில் அதை நிறுத்தி ஸ்டோன்ஸ் தங்கள் புகழ்பெற்ற ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் 'டீப் பர்ப்பிள்' குழு அந்த லாரியை வாடகைக்கு எடுத்து ஸ்விட்சர்லாந்தில் மாந்த்ரோ என்ற ஊருக்கு வந்தது. அவர்கள் பதிவு செய்யவிருந்த காசினோ வேறொரு கச்சேரியின்போது தீப்பிடித்து எரிந்தது. ஏரி மேல் புகை. அதைப் பார்த்து எழுதிய பாட்டுதான் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. அதைப் பதிவு செய்ததும் இந்த லாரியில்தான். உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கிடார் வாங்கியதும் முதலில் டொய்ங் டொய்ங் என்று பழகி உங்கள் தூக்கத்தைக் கெடுத்தானே, அநேகமாக அதுதான். கொஞ்சம் பழி ஸ்டூவையும் சேரும். லாரி இப்போது கனடாவில் கால்கரி நகரில் ஒரு இசை மையத்தில் பத்திரமாக இருக்கிறது.

'லெட் ஸெப்லின்' குழு 1975-ல் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குத் தலைப்பே 'பூகி வித் ஸ்டூ'. போட்டிக் கடைக்காரர்கள் போர்டில் பெயர் எழுதினார்கள். சொந்தக் கடையில் அவர் படம் இல்லை.

சரி, போட்டோவில் நின்றவர்கள் என்ன ஆனார்கள்?

விளம்பரம் கொடுத்துக் குழுவை ஆரம்பித்த பிரையன் ஜோன்ஸ் போதையில் தேய்ந்து, 1969 ஜூனில் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்த மாதம் 3-ம் தேதி வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். இருபத்தேழு வயது. அவர் இடத்துக்கு வந்த மிக் டெய்லர் 1974-ல் போனார். பாஸ் கிடார் பில் வைமன் 1993-ல் விடைபெற்றார். முகம் சரியில்லை என்று அனுப்பிய ஓல்டாமே 1967-ல் போய்விட்டார், ஸ்டூவை நீக்கி நாலே வருஷத்தில். ஸ்டூ அப்போதும் வேனில் இருந்தார்.

"அதனால அவர் பண்ணது சரின்னு ஆயிடுமா?" என்கிறாள் என் பெண்.

ஆகாது. காயம் இல்லாமல் இருந்திருக்காது. புகழிலும் பங்கு இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான். மேடையில் நின்ற ஐந்து பேர் ஓல்டாம் சொன்னபடி உடுத்தி, சொன்னபடி முறைத்து, அந்த முறைப்பைப் பல வருஷம் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஸ்டூவுக்கு எந்த வேஷமும் இல்லை. பியானோ அவரிடமே இருந்தது. என் நண்பர் மரியாதையை வைத்துக்கொண்டு அக்கார்டியனை விட்டார். ஸ்டூ நாற்காலியை விட்டுவிட்டு வாசிப்பை வைத்துக்கொண்டார். எது லாபம், எது நஷ்டம் என்று வெளியிலிருந்து யாரும் கணக்கு எழுத முடியாது.

எண்பதுகளின் நடுவில் மிக்கும் கீத்தும் முகம் பார்த்துப் பேசாத அளவுக்குச் சண்டை. குழு உடைந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு பேரையும் உரிமையோடு திட்டக்கூடியவர் ஒருவர்தான். 1985 டிசம்பர் 12-ம் தேதி லண்டனில், மூச்சுத் திணறல் என்று டாக்டரைப் பார்க்கப் போய்க் காத்திருந்த அறையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். நாற்பத்தேழு வயது.

1982 டூருக்கும் 1989 டூருக்கும் நடுவே ஸ்டோன்ஸ் ஒன்றாக மேடையேறியது ஒரே ஒரு தடவை. 1986 பிப்ரவரியில் லண்டன் '100 கிளப்'பில் ஸ்டூவுக்காக நடந்த அஞ்சலி. பேசிக்கொள்ளாதவர்களைக்கூடச் சேர்ந்து வாசிக்க வைத்தார், செத்த பிறகும். 1989-ல் அமெரிக்காவின் ராக் இசைப் பெருமன்றத்தில் குழுவைச் சேர்த்துக் கௌரவித்தபோது, ஸ்டூவின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும் என்று குழுவே கேட்டுக்கொண்டது. கீத் பிற்பாடு, இது ஸ்டூவின் குழு, நான் இன்னும் அவரிடம்தான் வேலை பார்க்கிறேன் என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். 1963-ல் சொல்லியிருக்கலாம். மனிதர்கள் அப்படித்தான், மாலையைக் கடைசியில்தான் தேடுவார்கள்.

டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸும் 2021 ஆகஸ்டில் போய்விட்டார். 2023-ல் மீதிப் பேர் புது ஆல்பம் போட்டார்கள். அதற்கு 2025-ல் கிராமி விருதும் கிடைத்தது. தாத்தா பாண்டு விடுவதாக இல்லை.

1986 மார்ச்சில் வந்த 'டர்ட்டி வொர்க்' ஆல்பம் எங்காவது கிடைத்தால் வாங்குங்கள். அட்டையில் கண்ணைப் பறிக்கிற கலர் சட்டைகளில் ஐந்து பேர். சுமாரான ஆல்பம்தான், பரவாயில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். அட்டையில் பெயர் போடாமல் அரை நிமிஷம் ஒரு பியானோ வரும். கிடார் இல்லை, பாட்டு இல்லை, இடது கை ரயில் மட்டும் நிதானமாக ஓடும்.

என் பெண்ணுக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.