ஒருவர் வந்து பார்க்கும் வரை

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியில் கெலிஓயா கடைத்தெருவைக் கடக்கும்போது, ஷட்டர் கடைகளின் நெற்றியில் அலாரம் பெட்டிகளைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் பெனல்களில் பெரும்பாலானவை ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன. ஷட்டர் அசைந்தால் சைரன் அலறும், அமைத்து வைத்த சில நிமிடங்களில் தானாக ஓயும். துணை வெளியீடு என்றால் சில விநாடிதான் உயிரோடு இருக்கும். நடந்ததை பெனல் தன் நினைவில் வைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த நினைவு கடைக்குள்ளே, இரகசிய எண் போட்டால்தான் திறக்கும் கீபேடில் இருக்கிறது. விடியற்காலையில் தனியாக வந்து ஷட்டரைத் தூக்குபவருக்கு, தூக்குவதற்கு முன்னால் எதுவும் தெரியாது. என் வாதம் இதுதான்: அலாரத்தின் ஓசை ஓய வேண்டும், அலாரம் அடித்தது என்ற நிலை ஓயக்கூடாது. ஒரு மனிதர் வந்து பார்த்து, தன் கையால் விடுவிக்கும் வரை அது நிற்க வேண்டும். அதற்கு எட்டுக் கால் ரிலே ஒன்றும், ஒரு டயோடும், ஒரு பட்டனும் போதும்.

வயர் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், வாதத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. பெனலின் துணை வெளியீடு பெரும்பாலும் நெகட்டிவ் பக்கத்தை இணைத்துக் கொடுக்கும் ட்ரான்சிஸ்டர். ரிலே காயிலின் ஒரு முனையை பெனலின் 12 வோல்ட் பொசிட்டிவிலும் மறு முனையை அந்த வெளியீட்டிலும் கொடுக்க வேண்டும். ஓம்ரோன் எம்வை2 வகையில் 13, 14 காயில். 9 பொது, 5 இழுத்தால் சேரும் கால். 9ஐ காயிலின் நெகட்டிவ் முனையோடு சேர்த்து, 5இலிருந்து, அழுத்தினால் பிரியும் பட்டன் வழியாக நெகட்டிவுக்குக் கொண்டுபோனால், வெளியீடு ஒரு கணம் வந்து போனாலும் ரிலே தன் காலாலேயே தன்னைப் பிடித்துக்கொள்ளும். 12, 8 என்ற இரண்டாவது ஜோடி, வாசலில் வைக்கும் சிவப்பு விளக்குக்கு. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு பொசிட்டிவ் பக்கம். அது இல்லாவிட்டால் ரிலே விடும்போது எழும் உதை மின்னழுத்தம் பெனலின் ட்ரான்சிஸ்டரைத் தின்றுவிடும். இந்த ரிலே 12 வோல்ட்டில் ஏறத்தாழ 75 மில்லிஆம்பியர் இழுக்கும். 50 மில்லிஆம்பியர்தான் தாங்கும் வெளியீடுகளும் உண்டு, ஆகவே பெனலின் கையேட்டைப் பார்க்காமல் இணைக்கக்கூடாது.

பட்டனை எங்கே போடுவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். காயிலுக்குப் போகும் பொசிட்டிவ் வயரை வெட்டி அதில் போட்டாலும் ரிலே விடும், பார்வைக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பட்டன் துருப்பிடித்துப் பிரிந்தே நின்றால், அல்லது தொல்லை தாங்காமல் யாராவது அழுத்தியபடியே டேப் சுற்றிவிட்டால், இந்த ரிலே முழுவதுமே செத்துப்போகும். 5இலிருந்து நெகட்டிவுக்குப் போகும் பிடிமானக் கிளையில் மட்டும் போட்டால் அதே பழுது பிடிமானத்தை மட்டும்தான் கெடுக்கும். பெனல் கூப்பிடும்போது ரிலே இழுக்கவே செய்யும். அது மட்டுமல்ல, வெளியீடு உயிரோடு இருக்கும்வரை பட்டனை எத்தனை தரம் அழுத்தினாலும் விளக்கு அணையாது. ஆபத்து இருக்கும்போதே அதை இல்லையென்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் கிடைப்பதில்லை.

காரணமே போய்விட்ட பிறகு அறிகுறி மட்டும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மருந்தகத்துக் குளிர்சாதனப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். இன்சுலினும் தடுப்பூசிகளும் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். இரவில் கரண்ட் போய் உள்வெப்பம் எல்லை தாண்டுகிறது, கரண்ட் வந்ததும் இறங்குகிறது. காலையில் காட்டி 5 என்று காட்டும். காட்டி பொய் சொல்லவில்லை, ஆனால் மருந்துக்கு நடந்ததை அது சொல்லவும் இல்லை. குளிர்ப் பக்க எல்லையிலும் அப்படித்தான்: உறைந்துபோன இன்சுலின் மறுபடி உருகி வந்தாலும் பயன்படுத்தத் தகாதது. உணரி இயல்புக்குத் திரும்புவதும் பொருள் இயல்புக்குத் திரும்புவதும் வேறு வேறு. மலைச்சரிவிலும் இதே கதைதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேர மழைவீழ்ச்சியை வைத்து மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மழை விட்டதும் மழைமானி அமைதியாகிவிடும், ஊறிய மண் அமைதியாவதில்லை.

கெலிஓயா வழியாகப் போகும் ரயில் பாதையே இந்த எண்ணத்துக்குப் பழைய சாட்சி. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப்பில், தந்திச் செய்தி ஒன்று கையொப்பமில்லாமலே அனுப்பப்பட்டு, ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதன் பிறகு எட்வர்ட் டையர் அமைத்த டேப்லட் கருவி நமது மலையக ஒற்றைப் பாதைக்கும் வந்தது. ரயிலுக்கு அனுமதியாகும் டேப்லட் ஒரு முனையில் வெளியே வந்துவிட்டால், அது எந்த முனையிலாவது திரும்பப் போடப்படும்வரை இரண்டு கருவிகளும் இன்னொன்றைத் தராது. தண்டவாளம் காலியாகியிருக்கும் என்ற ஊகத்துக்கு அங்கே மதிப்பில்லை.

மின்வெட்டுத்தான் கனமான மறுப்பு, அதை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை மோட்டார்களின் ஸ்டார்ட்டரில் இருப்பதும் இதே பிடிமானச் சுற்றுத்தான். அங்கே கரண்ட் போனால் பிடி விட்டுவிடும், வந்தாலும் மோட்டார் தானாகச் சுழலாது. உருளைக்குள் கை வைத்திருக்கும் தொழிலாளியை அந்த மறதிதான் காக்கிறது. அலாரத்தில் அதே மறதி துரோகமாகிறது: கரண்ட் போய் வந்தால் விளக்கு அணைந்திருக்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இதைச் சிறு விஷயமென்று தள்ள முடியாது. 75 மில்லிஆம்பியர் 13 மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி அளவில் செலவாகும். பெனலின் 7 ஆம்பியர்-மணி பற்றரி நல்ல நிலையில் இருந்தால் தாங்கிவிடும். பற்றரி கிழடானால் தாங்காது. கடைக்கு என் தெரிவு, காந்தத்தால் நிலைக்கும் இருநிலை ரிலே. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது விட்ட இடத்திலேயே நிற்கும். ஆனால் அதை விடுவிக்கும் பட்டனைப் பெனல் ஓய்ந்திருக்கும்போது மட்டும் பலிக்கும்படி இணைக்க வேண்டும்.

மருந்துப் பெட்டிக்கு நான் வேறு வழியைச் சொல்வேன். எப்போதும் இழுபட்டே இருக்கும் ரிலே, வெப்பம் எல்லை தாண்டினாலும் வயர் அறுந்தாலும் கரண்ட் போனாலும் விழும், யாராவது பட்டனை அழுத்தினால்தான் மறுபடி எழும். ஒவ்வொரு மின்வெட்டுக்கும் விளக்கு எரியுமே என்பார்கள். எரியட்டும். மருந்துக்கு மின்வெட்டே ஓர் ஆபத்து, ஒவ்வொரு தரமும் யாராவது போய் வெப்பமானியின் உச்ச அளவைப் பார்க்கத்தான் வேண்டும். கடைக்கு இதே முறையைக் கொண்டுவந்தால் ஒரு மாதத்தில் யாரும் விளக்கைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அயலவரின் தூக்கத்தைப் பற்றிய முறைப்பாடும் நியாயமானதே. அதனால்தான் பிடிமானத்தில் சைரனைத் தொங்கவிடக் கூடாது என்கிறேன். சைரன் பெனலின் நேரக்கணக்கோடு ஓயட்டும், சிவப்பு விளக்கு மட்டும் நிற்கட்டும்.

புதிய பெனல்களில் இந்த நிலைப்பை மென்பொருளிலேயே தெரிவுசெய்யலாம், பலவற்றைக் கைபேசியிலிருந்தும் விடுவிக்கலாம். முதலாவதை நான் எதிர்க்கவில்லை. வேலை செய்தால் ரிலேக்குத் தேவையே இல்லை. இரண்டாவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கொழும்பில் படுத்திருப்பவர் திரையைத் தட்டி கெலிஓயாக் கடையின் விளக்கை அணைத்தால், பூட்டு உடைந்திருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். விடுவிக்கும் சுவிச் சாவி போட்டுத் திருப்பும் வகையாக, கடைக்குள்ளே, பின்கதவும் கல்லாவும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். மருந்தகமென்றால் குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்குப் பக்கத்தில்.