கறுப்புக்குக் காசு கொடுத்த பெண்கள்

ஜப்பானியர்களிடம் ஒரு பழமொழி உண்டு. தோல் வெள்ளையாக இருந்தால் அது ஏழு குறைகளை மறைத்துவிடுமாம். நம் வீட்டுக் கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை யாரோ கப்பலேற்றி அங்கே கொண்டுபோய் இறக்கியது போல இருக்கிறதல்லவா? அந்தக் காலத்தில் அங்கே அரண்மனைப் பெண்கள் முகம் முழுக்க வெள்ளைப் பொடி பூசிக்கொண்டார்கள். இன்றைக்கும் டோக்கியோ வெயிலில் குடை பிடித்து, முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு நடக்கிற பெண்களை நிறையப் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட ஊரில், 1990களின் கடைசியில், பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் காசு கொடுத்துத் தங்களைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். தோலைக் கறுக்க வைக்கிற விளக்குகள் உள்ள கடைகளில் போய்ப் படுத்தார்கள். அது போதாதென்று முகத்தில் அடர்பழுப்புப் பூச்சு. அதன்மேல் கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வெள்ளை. தலைமுடி ஆரஞ்சு, இல்லாவிட்டால் வெள்ளி. காலில் செங்கல் கனத்துக்கு அடிப்பாகம் வைத்த பூட்ஸ். இந்தப் பாணிக்குக் 'கங்குரோ' என்று பெயர். 'கியாரு' என்கிற பெரிய குடும்பத்தில் இது ஒரு பிள்ளை. ஆங்கிலத்தில் பெண்ணைக் கொச்சையாகச் சொல்லும் 'கேல்', ஜப்பானிய வாயில் நுழைந்து 'கியாரு' ஆகிவிட்டது.

ஓய்வூதியம் வாங்குகிற புதுச்சேரிக் கிழவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று வழக்கமாகப் படிக்கும் நண்பர்கள் கேட்பீர்கள். என் பேத்திதான் காரணம். மகன் டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷி கசாய் பகுதியில் வீடு. 2023 செப்டம்பரில் போய் மூன்று மாதம் தங்கினேன். பேத்திக்கு அப்போது பதினேழு. வாரத்தில் ஐந்து நாள் இந்தியப் பள்ளிக்கூடச் சீருடையில் சாதுவாகப் போய்வருவாள். சனிக்கிழமை காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டாள். கியாரு கற்றுக்கொள்கிறாளாம்.

அவள் என்னை ஷிபுயாவுக்கு அழைத்துப் போனாள். பெரிய நாற்சந்திக்கு எதிரே உருளை வடிவக் கோபுரத்தோடு நிற்கும் '109' கட்டடம்தான் இந்தப் பெண்களுக்குக் கோயில் மாதிரி. 1979-ல் திறந்தது. கட்டியது டோக்யு கம்பெனி. ஜப்பானிய மொழியில் 'டோ' என்றால் பத்து, 'க்யு' என்றால் ஒன்பது. ஆக டோக்யு என்பதுதான் 109. உள்ளே மாடிமாடியாகப் பெண்கள் துணிக்கடைகள். 1999 வாக்கில் இங்கே வேலை பார்த்த விற்பனைப் பெண்கள் சினிமா நடிகைகள் அளவுக்குப் பிரபலமாம். அவர்கள் உடுத்துவதைப் பார்த்து வாங்கவே கூட்டம் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்த எனக்கு, கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற ஆளுக்கும் ஒரு காலம் வந்தது என்று கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

இன்னொரு சந்தோஷமும் கிடைத்தது. அதற்கும் முன்னால், 1980களில், துணிக்கடைப் பெண்களை அங்கே 'ஹவுஸ் மனுகான்' என்று அழைத்தார்களாம். மனுகான் நம் பிரெஞ்சு 'மனெக்கேன்'தான்! கால்சட்டைக்கு அவர்கள் சொல்லும் 'ஸுபோன்' பிரெஞ்சு 'ஷுபோன்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். ஷுபோன் உள்பாவாடை. பாவாடை எப்படிக் கால்சட்டை ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே ரயிலில் திரும்பினேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டுப் பாதி நாள் அதைப் பேச ஆளில்லாமல் இருக்கிறவனுக்கு இதெல்லாம் பெரிய விருந்து.

கியாரு ஒரே நாளில் கறுக்கவில்லை. 1992-ல் மேடையேறிய அமுரோ நமியே என்ற பாடகி ஒக்கினாவா தீவுப் பெண். வெயில் பட்ட பழுப்பு நிறம், மெல்லிய புருவம், குட்டைப் பாவாடை, கனத்த பூட்ஸ். அவளைப் போலவே திரிந்த பெண்களுக்கு 'அமுராா' என்றே பெயர் விழுந்து, 1996-ல் அந்தச் சொல் ஊரெல்லாம் அடிபட்டது. பள்ளி மாணவிகள் சீருடைப் பாவாடையை இடுப்பில் சுருட்டிக் குட்டையாக்கி, தொளதொள வெள்ளைக் காலுறையைக் காலில் பசை தடவி நிறுத்தினார்கள். 1995-ல் தொடங்கிய 'எக்' என்ற பத்திரிகை தெருவில் போகிற பெண்களையே படமெடுத்துப் போட்டது. ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி ஒரு படி மேலே போக, கடைசியில் வந்தது 'யமன்பா'. அது புராணக் கதைகளில் வரும் மலைக்கிழவி, நம் காட்டேரிக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் கேலியாக வைத்த பெயரை இந்தப் பெண்கள் பட்டமாக எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அதே வருஷங்களில் இன்னொரு பக்கம் 'பிஹாகு', அதாவது அழகு வெள்ளை, என்று வெளுக்க வைக்கும் களிம்புகள் விற்றுத் தள்ளின என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

இங்கே என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நல்ல கறுப்பு. 1974-ல் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் பஜ்ஜி காபி சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு தங்கம், கொஞ்சம் நிறம்தான்..." என்று இழுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வீட்டார் போன அன்று ராத்திரி அம்மா அரைத்து வைத்த கஸ்தூரி மஞ்சளைக் கிண்ணத்தோடு கிணற்றடியில் வீசினாள் தங்கை. பிறகு கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். என் பேத்திக்கு அச்சாக அவள் நிறம். லீவுக்கு வந்தால் உறவுக்காரர்கள் கடலை மாவோடுதான் வரவேற்பார்கள். "வெயில்ல போகாதே கண்ணு" என்று இந்தக் குழந்தையிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணினால் ஒரு லெட்ஜர் போதாது.

கறுப்பு அவளுக்கு ஏற்கெனவே இருந்தது. தொழில்தான் கற்க வேண்டியிருந்தது. முதலில் நான் பார்த்த சனிக்கிழமை, இடது கண்ணின் ஒட்டு இமை கோணலாக நின்றது. வலது கண்ணில் பசை வழிந்திருந்தது. "எத்தனை மார்க் தாத்தா?" என்றாள். எங்கள் பள்ளியில் 'திக்தே' என்று ஒன்று உண்டு. வாத்தியார் சொல்லச் சொல்லப் பிரெஞ்சில் எழுத வேண்டும். மொத்தம் இருபது மதிப்பெண். இலக்கணப் பிழை ஒன்றுக்கு நான்கு போகும், ஐந்து பிழை என்றால் பூஜ்யம். அந்தக் கணக்கில் போடட்டுமா என்றேன். சம்மதித்தாள். பூஜ்யம் போட்டேன். சிரித்துவிட்டு மறுபடி கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் பாடம் தெரிய வேண்டுமே, அதனால் நானும் கற்றுக்கொண்டேன். கியாருவின் உயிர் கண்ணில் இருக்கிறது. கண்ணுக்கு மை தீட்டுவது வேறு, கண்ணையே இடம் மாற்றி வரைவது வேறு. கீழிமைக்கான ஒட்டு முடியைச் சொந்த முடியின் வேரில் ஒட்டக்கூடாது. சற்றுக் கீழே தள்ளி ஒட்டி, நடுவில் விழும் இடைவெளியில் வெள்ளை தீட்ட வேண்டும். அப்போது அந்த இடமும் கண்ணின் வெள்ளை போலத் தெரிந்து கண் பெரிதாகிவிடும். வெளிமுனை கொஞ்சம் கீழே சரிந்தால் நாய்க்குட்டி பார்ப்பது போல ஒரு பார்வை வரும். இமையை முழுசாக ஒட்டுவதை விட இரண்டு மூன்று துண்டாக வெட்டி, வெளிமுனைத் துண்டை முதலில் வைத்தால் கோணாது. பசை போட்டதும் ஒட்டக்கூடாது. அரை நிமிடம் காற்றில் காட்டி, பிசுபிசுவென்று இழுக்கும் பதத்தில் வைக்க வேண்டும். ஆபீசில் கோந்து போட்டு உறை ஒட்டியவர்களுக்கு இந்தப் பதத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான்தான் அவளுக்கு குரு.

அங்கே 'புரிகுரா' என்று போட்டோ பெட்டிகள் உண்டு, 1995-ல் வந்தவை. தோழிகளோடு உள்ளே நின்றால் ஸ்டிக்கர் படம் வரும். அந்தப் பெட்டி கண்ணைத் தானாகவே பெரிதாக்கி, முகத்தையும் வெளுத்துக் கொடுத்துவிடுகிறது. கறுப்புக்காக உண்டான பாணியை ரசிக்கிற பெண்ணையும் பெட்டி விடாமல் வெள்ளையடிக்கிறது பாருங்கள். அதனால் எங்கள் பரீட்சைக்கு அந்தப் படம் செல்லாது என்று விதி வைத்தோம். பால்கனியில், பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் மட்டும்தான்.

அக்டோபர் நடுவில் எட்டு, நவம்பரில் பன்னிரண்டு. ஒருநாள் மருந்துக்கடையில் ஃபவுண்டேஷன் வாங்கப் போனோம். அலமாரி முழுக்க வெள்ளைக்கு வெள்ளை. அவள் நிறத்துக்கு ஒன்றுமில்லை. நான் வருத்தப்பட்டதைப் பார்த்துவிட்டு, "விடுங்க தாத்தா, இந்தக் கலர் வர்றதுக்குத்தான் அந்தக் காலத்துல இங்க காசு குடுத்துப் படுத்திருக்காங்க. எனக்கு இலவசம்" என்றாள். வாயாடி. ஆனால் அவள் அப்படி நிமிர்ந்து பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மருமகளுக்குத்தான் நிம்மதியில்லை. "மாமா, நீங்களும் அவளோட சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு ஜப்பானிய அம்மாள், கியாரு என்றாலே கெட்ட பெண்கள் என்று ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். 1990களில் பத்திரிகைகள் இந்தப் பெண்களைப் பணத்துக்காகப் பெரிய மனிதர்களோடு சுற்றுகிறவர்கள் என்று எழுதித் தீர்த்தன. பணம் கொடுத்த பெரிய மனிதர்களின் உடையைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. மருமகள் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. வெளியூரில் வயசுப் பெண்ணை வைத்திருக்கிறாள். அதனால் இருட்டுவதற்குள் வீடு, படிப்புக் கெடக்கூடாது, முடிக்குச் சாயம் கிடையாது, விக்தான் என்று ஒப்பந்தம் பேசினோம். சாயத்துக்கு ஜப்பானியப் பள்ளிகள் பலவற்றிலும் தடைதான். தன் முடி பிறவியிலேயே பழுப்பு என்று சொன்ன ஒசாகா மாணவி ஒருத்தி, கறுப்புச் சாயம் பூசச் சொல்லிப் பள்ளி வற்புறுத்தியதாக 2017-ல் வழக்கே போட்டாள்.

'எக்' பத்திரிகை 2014-ல் நின்று, நான்கு வருஷம் கழித்து இணையத்தில் மறுபடி முளைத்தது. இன்றைய கியாருக்களில் பலர் வெள்ளையாகவே இருக்கிறார்கள். பேத்திக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பழைய இதழ்களைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறாள்.

2024 டிசம்பரில் இங்கே வந்தபோது மொத்த அலங்காரமும் செய்துகொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "கண்ணு நல்லாருக்கு. இந்த ரோஸ் கலர் பாவாடைதான் கொஞ்சம் இறக்கமா இருந்திருக்கலாம்" என்றாள். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு அந்தப் பழைய இதழ் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இதுங்க எல்லாம் வேணும்னே பண்ணிக்கிட்டதா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாள். இதழை இன்னும் திருப்பித் தரவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் கடற்கரைச் சாலைக்குப் போனோம். இப்போது சொந்த முடியிலேயே கொண்டை உயர்த்தக் கற்றுக்கொள்கிறாள். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சுருட்டி, சீப்பால் வேரை நோக்கிக் கோதி மேடாக்கி, ஸ்ப்ரே அடித்து நிறுத்த வேண்டும். டோக்கியோவில் ராத்திரி வரை நின்றது, இங்கே காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் ஈரக்காற்றில் படுத்துவிட்டது. பதினாறு போடலாம் என்றிருந்தேன், பன்னிரண்டுதான் என்றேன். கடற்காற்றுக்கு மதிப்பெண் குறைக்கக்கூடாது என்று வாதாடினாள். அவளுக்காகத் தங்கையும் வாதாடினாள். நான் குறைத்ததைக் குறைத்ததுதான் என்றேன்.